மாடித்தோட்டத்துக்குச் சொட்டுநீர் போடுவது எப்படி: மேல்தொட்டித் தண்ணீரை வைத்தே, பம்ப் இல்லாமல்

மதுரையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் 62 பைகள் இருக்கின்றன. தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை, கீரைக்கு நீளப் பைகள் நாலு, பந்தலில் புடலையும் பாகலும், ஒரு மூலையில் நீல டிரம்மில் எலுமிச்சை. சித்திரை மாதத்தில் இத்தனைக்கும் ஹோஸ் பிடித்துத் தண்ணீர் விட்டால் காலையில் முக்கால் மணி நேரம், சாயங்காலம் முக்கால் மணி நேரம். ஒரு நாள் ஊருக்குப் போனால் பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும், அவர்களும் எத்தனை தடவைதான் ஏறுவார்கள். அதனால் இணையத்தில் டைமரோடு சேர்த்து ஒரு சொட்டுநீர்ச் செட் வாங்கி, ஒரே மதியத்தில் மாட்டிவிட்டு, திருநெல்வேலியில் ஒரு கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு கிளம்பிவிட்டேன்.

நாலு நாள் கழித்து வந்து பார்த்தால் தக்காளி எல்லாம் துவண்டு கிடக்கிறது. கீரை வைக்கோலாகிவிட்டது. டைமர் மட்டும் நாலு நாளும் ஒழுங்காக வேலை செய்ததாகத் திரையில் காட்டுகிறது, தொட்டி நிறையத் தண்ணீர் அப்படியே இருக்கிறது. அந்த டைமருக்குள் இருந்த வால்வு திறப்பதற்குத் தேவையான அழுத்தம் எங்கள் தொட்டியிலிருந்து வரவே இல்லை, அவ்வளவுதான் விஷயம். பொருளில் பழுது எதுவும் இல்லை. அது என் வீட்டுக்கான பொருளே இல்லை என்பதை வாங்குமுன் நான் பார்க்கவில்லை.

ஆகவே இந்த வழிகாட்டியை டிரிப்பரிலிருந்து (செடியடியில் தண்ணீரைச் சொட்டவிடும் சின்ன மூக்கு) தொடங்கப் போவதில்லை, தொட்டியின் உயரத்திலிருந்து தொடங்குகிறேன். நம் வீடுகளில் பெரும்பாலும் மேல்தொட்டித் தண்ணீர் தன் எடையால் இறங்கி வருவதுதான் இருக்கிறது. அந்த அழுத்தம் எவ்வளவு என்று தெரிந்துகொண்டு சாமான் வாங்கினால் பாதி வேலை முடிந்தது.

முதலில் உயரத்தை அளந்து பாருங்கள்

பத்து மீட்டர் உயரத்தில் நிற்கும் தண்ணீர் கீழே ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம் கொடுக்கும். பைப் கடையில் இதைத்தான் 'ஒரு கிலோ பிரஷர்' என்பார்கள். எங்கள் வீட்டில் மாடிப்படி அறையின் மேல் தொட்டி இருக்கிறது, தொட்டியின் அடி மாடித் தளத்திலிருந்து எட்டு அடி. உள்ளே சராசரியாக இரண்டு அடித் தண்ணீர் நிற்கும் என்று வையுங்கள், பையின் வாய் தரையிலிருந்து ஒரு அடி மேலே. ஆக எட்டும் இரண்டும் பத்து, அதில் ஒன்று போக ஒன்பது அடி, அதாவது 2.7 மீட்டர். அழுத்தம் 0.27 பார், கால் கிலோ சொச்சம்.

கடையில் விற்கும் டிரிப்பரில் '4 எல்.பி.எச்.' என்று போட்டிருக்கும். மணிக்கு 4 லிட்டர் என்று அர்த்தம். ஆனால் அது ஒரு பார் அழுத்தத்தில். சொட்டுநீர் முறையே வயலுக்காக, பம்ப் வைத்து ஓட்டுவதற்காக உருவானது. இஸ்ரேலில் சிம்கா பிளாஸ் என்ற பொறியாளரின் யோசனையை எடுத்துக்கொண்டு 1965-ல் ஹட்செரிம் கிப்புட்ஸில் (கூட்டுப் பண்ணைக் கிராமம்) நெட்டாஃபிம் என்ற சொட்டுநீர் நிறுவனம் தொடங்கியபோது அவர்கள் மனதில் பாலைவன விவசாயம் இருந்தது, நம்முடைய மொட்டை மாடி இல்லை. சாதாரண டிரிப்பரில் அழுத்தம் நாலில் ஒரு பங்கானால் தண்ணீர் பாதியாகும், வர்க்கமூலக் கணக்கு. எனக்குக் கணக்குப்படி மணிக்கு 2 லிட்டர் வர வேண்டும். ஃபில்டர், வளைவு, வால்வு எல்லாம் சாப்பிட்டது போக 1.7 லிட்டர் வருகிறது. செடிக்கு அது போதும், கூடுதல் நேரம் ஓடவிட்டால் சரியாகிவிடும்.

தொட்டி மாடித் தளத்திலேயே செங்கல் மேல் உட்கார்ந்திருக்கிறது என்றால் கொஞ்சம் கஷ்டம். தொட்டி நிறைந்திருக்கும்போது ஓடும், பாதியானதும் சொட்டுக்குச் சொட்டு யோசித்து விழும். அப்படிப்பட்டவர்கள் பேட்டரி ஸ்பிரேயருக்குள் இருக்கும் 12 வோல்ட் டயஃப்ரம் பம்ப் ஒன்றைத் தனியாக வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. இனி நான் சொல்லப்போவது தொட்டி ஆறு அடிக்கு மேல் உயரத்தில் இருப்பவர்களுக்கு.

அடுத்தது வாளி

லைன் எங்கே தொடங்கப்போகிறதோ அந்தக் குழாயை முழுக்கத் திறந்து ஒரு வாளியை வையுங்கள். எங்கள் 15 லிட்டர் வாளி நிறைய ஒன்றரை நிமிடம் ஆனது, அப்படியானால் மணிக்கு 600 லிட்டர். இதில் பாதியை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள், 300. எனக்கு 62 பைகள், பெரிய பை பத்துக்கு இரண்டிரண்டு டிரிப்பர், மொத்தம் 72. 72 பெருக்கல் 1.7, சுமார் 122 லிட்டர். தாராளமாகத் தாங்கும். உங்களுக்குத் தாங்காது என்று கணக்கு வந்தால் தோட்டத்தை இரண்டு பாகமாகப் பிரித்து இரண்டு வால்வு வைத்து மாற்றி மாற்றி விடலாம்.

வாளி மெதுவாக நிறைந்தால் குழாயைச் சந்தேகப்படுங்கள். மாடியில் துணி துவைக்கிற குழாய் பெரும்பாலும் அரை இஞ்சுக் குழாயாக இருக்கும், உள்ளே உப்புப் படிந்து துவாரம் பென்சில் அளவுக்குச் சுருங்கியிருக்கும். தவிர, கீழே யாராவது குளிக்கப் போனால் மேலே அழுத்தம் இறங்கிவிடும்.

அதனால் முடிந்தால் தொட்டியிலிருந்தே தனியாக முக்கால் இஞ்சு லைன் எடுங்கள். பிளம்பரைக் கூப்பிட்டு ஒரு டேங்க் நிப்பிள் (தொட்டியில் ஓட்டை போட்டுப் பைப் மாட்டும் இணைப்பு) போடச் சொன்னால் அரை மணி நேர வேலை. அந்த ஓட்டையைத் தொட்டியின் அடியில் போடாமல், மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் போடச் சொல்லுங்கள். இதில் ஒரு லாபம் இருக்கிறது: வால்வை மூட மறந்தாலும், டைமர் சதி செய்தாலும், கடைசி மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் வீட்டுக்கு மிஞ்சும். காலையில் தலைக்குச் சீயக்காய் போட்டுவிட்டுத் தண்ணீர் இல்லாமல் நிற்கிறவரின் வாயில் விழுவதைவிடப் பெரிய ஆபத்து தோட்டக்காரனுக்கு இல்லை. ஓட்டை மேலே போனால் அழுத்தம் குறையுமே என்று பிளம்பர் சொல்வார். குறையாது. அழுத்தத்தைத் தீர்மானிப்பது தொட்டிக்குள் தண்ணீரின் மேல்மட்டம், ஓட்டை இருக்கும் இடம் இல்லை.

என்னென்ன வாங்க வேண்டும்

இணையத்தில் கிடைக்கும் பெட்டிச் செட்டுகளைவிட, விவசாயிகள் சொட்டுநீர்ச் சாமான் வாங்கும் கடைக்குப் போவதுதான் என் சிபாரிசு. எல்லாத் தாலுகா ஊரிலும் ஒன்றிரண்டு இருக்கும். மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள், பத்து ஜாயினர் குறைந்தால் மறுநாள் போய் வாங்கிக்கொள்ளலாம், முக்கியமாக, தொட்டித் தண்ணீருக்கு என்று சொன்னால் எது ஓடும் எது ஓடாது என்று கடைக்காரருக்கே தெரிந்திருக்கும்.

16 மி.மீ. கறுப்பு லேட்டரல் பைப்தான் முதுகெலும்பு. மாடியை ஒரு சுற்றுச் சுற்றி வரும் நீளமும் குறுக்கே ஓடும் வரிசைகளின் நீளமும் சேர்த்து அளந்து, அதற்கு மேல் ஐந்து மீட்டர் கூட வாங்குங்கள். அதற்குரிய எல்போ (வளைவுக்கு), டீ (மூன்று வழி இணைப்பு), ஜாயினர், எண்ட் கேப் (முனை மூடி). முக்கால் இஞ்சிலிருந்து 16 மி.மீ.க்கு மாற்றும் அடாப்டர் ஒன்று. ஒரு பால் வால்வு, உள்ளே பந்து திரும்பித் திறந்து மூடும் வகை. ஒரு ஃபில்டர், 120 மெஷ் வலை உள்ளது. நம்முடைய குறைந்த அழுத்தத்துக்கு முக்கால் இஞ்சு ஃபில்டரைவிட ஒரு இஞ்சு ஃபில்டர் மேல், அழுக்கு ஏறினாலும் சட்டென்று மூச்சுத் திணறாது. பைப்பிலிருந்து பைக்குப் போக 4 மி.மீ. மைக்ரோ டியூப், கறுப்பு நிறத்தில். வெள்ளையாகவோ கண்ணாடி மாதிரியோ இருப்பதை விலை குறைவு என்று வாங்காதீர்கள், வெயில் பட்டு ஒரே மாதத்தில் உள்ளே பாசி பிடித்துவிடும். பைப்பில் ஓட்டை போடும் பஞ்ச் ஒன்று, டெஃப்லான் டேப், தவறான இடத்தில் போட்ட ஓட்டையை அடைக்க டம்மி இருபது. டம்மியில் கஞ்சத்தனம் வேண்டாம், எல்லாருக்கும் தவறு வரும்.

டிரிப்பரைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் காசு வீணாவது இங்கேதான்.

'பிரஷர் காம்பன்சேட்டிங்' என்று ஒரு வகை, விலை கூடுதல், கடைக்காரர் நல்ல சரக்கு என்று காட்டுவார். உண்மையிலேயே நல்ல சரக்குதான், மேடு பள்ளமான நிலத்திலும் எல்லா இடத்திலும் ஒரே அளவு தண்ணீர் தரும். ஆனால் உள்ளே இருக்கும் ரப்பர் வேலை செய்ய அரை கிலோவுக்குக் குறையாமல் அழுத்தம் வேண்டும், கால் கிலோவில் அது ஒழுங்காக நடக்காது. நமக்கு வேண்டாம்.

தலையைத் திருகித் தண்ணீரைக் கூட்டிக் குறைக்கும் டிரிப்பர் இன்னொரு வகை, சிவப்புத் தொப்பியோடு சுற்றிலும் எட்டு வழியாகப் பீச்சும். பார்க்க ஆசையாக இருக்கும். எல்லாப் பைக்கும் இதையே போட்டால் தினமும் திருகிக்கொண்டே இருக்க வேண்டியதுதான், ஒன்றைக் கொஞ்சம் அதிகமாகத் திறந்தால் வரிசையில் மற்றதெல்லாம் பட்டினி. உயரத்தில் இருக்கும் நாலைந்து பைக்கும் எலுமிச்சை டிரம்முக்கும் மட்டும் இதை வைத்துக்கொள்ளலாம்.

மீதி எல்லாவற்றுக்கும் சாதாரண 4 எல்.பி.எச். டிரிப்பர், திறந்து கழுவக்கூடிய வகையாக இருந்தால் சிறப்பு. கீரைப் பைகளுக்கு உள்ளேயே ஒரு அடிக்கு ஒரு துவாரம் உள்ள இன்லைன் பைப்பை வெட்டிப் படுக்க வைத்தால் சரியாக இருக்கும்.

டைமர் வாங்குவதாக இருந்தால் அட்டையில் குறைந்தபட்ச அழுத்தம் எவ்வளவு என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். 0.5 பார் என்று இருந்தால் உள்ளே இருப்பது மின்காந்தத்தில் இயங்கும் சொலினாய்டு வால்வு, என் கல்யாணக் கதைதான் உங்களுக்கும். 0 பாரிலிருந்து என்று இருந்தால் உள்ளே சின்ன மோட்டார் ஒன்று பால் வால்வைத் திருப்புகிறது என்று அர்த்தம், அதுதான் தொட்டித் தண்ணீருக்கு. பேட்டரியில் ஓடுவதால் மின்வெட்டுப் பயமும் இல்லை. டைமரின் வாய் பெரும்பாலும் முக்கால் இஞ்சு, நம் வீட்டுக் குழாய் அரை இஞ்சு. இரண்டையும் சேர்க்கும் ரெடியூசரை அன்றைக்கே வாங்கிவிடுங்கள், அதற்காக இன்னொரு நடை நடந்தவன் சொல்கிறேன்.

டைமர் இல்லாமல் எனக்கு மூவாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது.

கோலமாவு வைத்துப் படம் போடுதல்

தாளில் படம் போடுவதைவிட மாடித் தரையிலேயே போட்டுவிடுங்கள். நான் அம்மாவின் கோலமாவு டப்பாவை எடுத்துக்கொண்டு போய் பைப் எங்கெங்கே ஓட வேண்டும் என்று கோடு இழுத்தேன். அம்மா மேலே வந்து பார்த்துவிட்டு, "இந்தக் கோலத்துக்குப் புள்ளி எங்கேப்பா?" என்றார். புள்ளி வைத்த இடமெல்லாம் பைகள்தான். அந்தக் கோட்டின் மேல் நடந்து பார்த்தபோதுதான் துணிக்கொடிக்குப் போகும் வழியில் பைப் குறுக்கே வருவது தெரிந்தது, மாற்றிக்கொண்டேன். நடக்கும் வழியில் பைப் போனால் யாராவது ஒருவர் ஈரத்துணி வாளியோடு தடுக்கி விழப்போவது உறுதி.

பைப் ஓடும் விதத்தில் ஒரு முக்கியமான விஷயம். ஒரு முனையில் தொடங்கி மறுமுனையில் முடியும் ஒற்றை லைனாகப் போடாதீர்கள். மாடியைச் சுற்றி வந்து தொடங்கிய இடத்திலேயே ஒரு டீயில் சேரும் வளையமாகப் போடுங்கள். இரண்டு பக்கமிருந்தும் தண்ணீர் வருவதால் கடைசிப் பைக்கும் ஓரளவு அதே அழுத்தம் கிடைக்கும். குறுக்கு வரிசைகள் ஏணிப்படி மாதிரி இந்த வளையத்துக்குள் போகலாம். வால்விலிருந்து தூரமாக, தாழ்வாக இருக்கும் இடத்தில் ஒரு டீ போட்டு அதில் எண்ட் கேப், பைப்பைக் கழுவிவிட.

இன்னொன்று, பைப் எந்த இடத்திலும் ஏறி இறங்கக் கூடாது. கைப்பிடிச் சுவருக்கு மேல் ஏற்றி அந்தப் பக்கம் இறக்கினால் அந்த மேட்டில் காற்று அடைத்துக்கொள்ளும். பம்ப் இருந்தால் தள்ளிவிடும், கால் கிலோவுக்கு அந்தத் தெம்பு கிடையாது. ஏற்றித்தான் ஆக வேண்டும் என்றால் அந்த உச்சியில் ஒரு டிரிப்பரைப் பொருத்திப் பக்கத்துப் பையில் தொங்கவிடுங்கள், காற்று அது வழியாகப் போய்விடும்.

மாட்டும் வரிசை

காலை பத்து மணிக்குப் பைப் சுருளைப் பிரித்து வெயிலில் ஒரு மணி நேரம் போட்டுவிடுங்கள். சுருளாகவே இருந்து பழகிய பைப் முறுக்கிக்கொண்டு நிற்கும், வெயிலில் இளகினால் சொன்னபடி கேட்கும். ஒரு பிளாஸ்க்கில் வெந்நீரும் வைத்துக்கொள்ளுங்கள். எல்போவும் டீயும் பைப்புக்குள் இறுக்கமாகப் போக வேண்டும், பைப்பின் முனையைப் பத்து விநாடி வெந்நீரில் நனைத்தால் எளிதாக உள்ளே போய் ஆறியதும் கவ்விக்கொள்ளும். இதைத் தெரியாமல் முதல் நாள் கட்டைவிரல் தோல் உரிந்தது எனக்கு.

தொட்டி லைனிலிருந்து வரிசை இப்படி: பால் வால்வு, அப்புறம் ஃபில்டர், அப்புறம் டைமர், அப்புறம் அடாப்டர், அதன் பிறகு 16 மி.மீ. பைப். ஃபில்டருக்கு முன்னால் டைமரை வைத்தால் தொட்டி வண்டல் டைமரின் வால்வில் போய் உட்காரும். ஃபில்டரின் மேல் அம்புக்குறி இருக்கும், தண்ணீர் போகும் திசையில் அது இருக்க வேண்டும். மரை உள்ள இடத்துக்கெல்லாம் டெஃப்லான் டேப் ஏழெட்டுச் சுற்று. பி.வி.சி.யா சி.பி.வி.சி.யா என்று பார்த்து அதற்குரிய சால்வென்ட் (பைப் ஒட்டும் பசை) வாங்குங்கள், இரண்டும் வேறு. ஒட்டிய அன்றைக்கே தண்ணீர் திறக்க அவசரப்படாதீர்கள், ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள்.

வளையத்தை மாட்டி முடித்ததும், ஒரு ஓட்டைகூடப் போடாமல், எண்ட் கேப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரைத் திறந்துவிடுங்கள். பைப் வெட்டிய தூள், மண், செத்த எறும்பு எல்லாம் வெளியே வரும். தெளிவாக வரும்வரை விடுங்கள். அப்புறம் மூடிவிட்டு இணைப்புகளில் எங்காவது கசிகிறதா என்று கையால் தடவிப் பாருங்கள்.

இப்போது பஞ்ச். ஆணியைச் சூடாக்கி ஓட்டை போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அந்த ஓட்டை வட்டமாக வராது, டிரிப்பரைச் சுற்றிக் காலமெல்லாம் கசியும். பைப்பின் பக்கவாட்டில் ஓட்டை போடுங்கள். அடியில் போட்டால் பைப்பின் அடியில் படியும் வண்டல் நேராக டிரிப்பருக்குள் போகும். பஞ்சை நேராகப் பிடித்து ஒரு திருகு, ஒரு அழுத்து, 'டப்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தோடு நிறுத்திவிடுங்கள், இன்னும் அழுத்தினால் மறுபக்கச் சுவரிலும் ஓட்டை விழும். டம்மி எதற்கு என்று அப்போது புரியும்.

பைகள் ஒட்டி ஒட்டி நிற்கும் வரிசையில் பைப்பைப் பைகளின் மேலேயே ஓட்டி, டிரிப்பரைப் பைப்பிலேயே நேராகக் குத்திவிடலாம், மைக்ரோ டியூப் மிச்சம். தள்ளி நிற்கும் பைகளுக்கு டியூப் வழியாக. டியூப் நீளம் பையை அரை அடி நகர்த்தினாலும் இழுபடாத அளவுக்கு இருக்கட்டும். டியூபை மாட்டியதும் டிரிப்பர் போடுமுன் மறுபடி ஒரு தடவை தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், கடைசியில் டிரிப்பர்.

டிரிப்பரை மண்ணுக்குள் புதைக்காதீர்கள். தண்ணீரை நிறுத்தியதும் தாழ்வான பைகள் வழியாகப் பைப் வடியும், அப்போது மேட்டில் இருக்கும் டிரிப்பர்கள் காற்றை உள்ளே இழுக்கும். மண்ணுக்குள் இருந்தால் காற்றோடு சேற்றையும் இழுத்துக்கொண்டு அடைத்துவிடும். ஒரு குச்சி நட்டு, மண்ணுக்கு ஒரு இஞ்சு மேலே நிற்கும்படி கட்டிவிடுங்கள். செடியின் தண்டை ஒட்டியும் வைக்க வேண்டாம், மூன்று விரல் தள்ளி வையுங்கள்.

டம்ளர் சோதனை

இதைச் செய்யாமல் விட்டால் போட்டதே வீண். சமையலறையிலிருந்து ஒரே அளவு எவர்சில்வர் டம்ளர் ஆறு எடுத்துக்கொள்ளுங்கள். வால்வுக்குப் பக்கத்தில் ஒன்று, தூரத்தில் ஒன்று, நடுவில் இரண்டு, ஸ்டாண்டின் மேல் இருக்கும் பைகளில் இரண்டு. டிரிப்பரை டம்ளருக்குள் தொங்கவிட்டு, சரியாகப் பத்து நிமிடம் திறந்து மூடி, விழுந்ததை அளக்கும் குவளையில் ஊற்றிப் பாருங்கள். டம்ளர் வழிந்துவிடும் போலிருந்தால் ஐந்து நிமிடத்தில் நிறுத்தி இரண்டால் பெருக்கிக்கொள்ளலாம்.

முதலில் நான் ஒற்றை லைனாகத்தான் போட்டிருந்தேன். பக்கத்தில் 310 மில்லி, தூரத்தில் 255, மூன்று அடி ஸ்டாண்டில் தூரத்துப் பைக்கு வெறும் 200. வளையமாகச் சேர்த்த பிறகு தூரத்துப் பைக்கு 280 வந்தது, பக்கத்தில் 295. ஸ்டாண்டுக்கு மட்டும் பெரிய மாற்றம் இல்லை. அது பைப்பின் குற்றம் இல்லை, மூன்று அடி ஏறினால் ஒன்பது அடியில் மூன்று அடி அழுத்தம் போய்விடுகிறது. அந்தப் பைகளுக்குத் திருகும் டிரிப்பரைப் போட்டு 280-க்குத் திருகி நிறுத்தினேன். பத்து நிமிடத்துக்கு 280 என்றால் மணிக்கு 1.7 லிட்டர் கிட்டத்தட்ட, மேலே சொன்ன எண் இங்கிருந்துதான் வந்தது.

எவ்வளவு நேரம்

12-க்கு 12 இஞ்சுப் பையில் காய்க்கிற தக்காளிக்கு மே மாதத்தில் எங்கள் மாடியில் ஒரு நாளைக்கு 2 லிட்டர் தேவைப்படுகிறது. ஒரே மூச்சில் 70 நிமிடம் விட்டால் பாதி அடி ஓட்டை வழியாக ஓடிவிடும், ஏனென்றால் தேங்காய் நார்க்கழிவு கலந்த கலவையில் தண்ணீர் பக்கவாட்டில் அதிகம் பரவாமல் டிரிப்பருக்கு நேர் கீழே கிணறு தோண்டியது மாதிரி இறங்கும். அதனால் பிரித்து விடுங்கள். நான் காலை ஐந்தரைக்கு 40 நிமிடம், இரவு ஏழரைக்கு 30 நிமிடம். சாயங்காலம் நாலு மணிக்கு விடலாமே என்று நினைக்காதீர்கள், அக்கினி நட்சத்திரத்தில் அந்நேரத்துக்குக் குழாயைத் திறந்து கை வைத்துப் பாருங்கள், வெந்நீர் போட்டதுபோல் வரும். ஆறு மணிக்கு மோட்டார் போட்டுத் தொட்டியில் புதுத் தண்ணீர் விழுந்த பிறகு விடுவது வேருக்கு நல்லது.

ஒரு எச்சரிக்கை. நார்க்கழிவுக் கலவை ஒரு தடவை முழுக்கக் காய்ந்துவிட்டால் தண்ணீரைக் குடிக்க மறுக்கும், சொட்டுவதெல்லாம் ஓரமாக வழிந்து போகும். சொட்டுநீரைத் தொடங்கும் நாளில் எல்லாப் பைகளையும் கையால் நன்றாக நனைத்துவிட்டுத் தொடங்குங்கள். நாற்றும் புதிதாகத் தூவிய கீரை விதையும் வேர் பிடிக்கும்வரை பூவாளிதான், டிரிப்பரின் ஒற்றைச் சொட்டு அவற்றுக்கு எட்டாது.

மற்ற மாதங்களுக்கு எண் சொல்லிப் பயனில்லை, விரலை விட்டுப் பாருங்கள். இரண்டு கணு ஆழத்தில் மண் ஒட்டினால் போதும். ஆடிக் காற்றில் மேல்மண் அப்பளம் மாதிரி காய்ந்திருக்கும், உள்ளே ஈரமாக இருக்கும், அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். மார்கழி, தையில் எனக்கு ஒருநாள் விட்டு ஒருநாள், காலையில் 30 நிமிடம் மட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வால்வை மூடி, டைமரைக் கழற்றி, பேட்டரியை எடுத்து அலமாரியில் வைத்துவிடுகிறேன். பேட்டரியை உள்ளேயே விட்டால் உப்புப் பூத்துவிடும்.

பராமரிப்பு

போட்டுவிட்டு மறந்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வாரம் ஒரு நாள் தண்ணீர் ஓடும்போது மாடியை ஒரு சுற்றுச் சுற்றிவந்தால் போதும், காபி டம்ளரோடு போகலாம். பதினைந்து நாளுக்கு ஒரு முறை ஃபில்டர் வலையைப் பழைய பல் பிரஷ்ஷால் கழுவுங்கள். மாதம் ஒரு முறை எண்ட் கேப்பைத் திறந்து பைப்பைக் கழுவிவிடுங்கள்.

எங்கள் போர் தண்ணீர் உப்பு, பருப்பு வேக மறுக்கும் ரகம். ஆறு மாதத்தில் டிரிப்பர் வாயில் வெள்ளையாகச் சுண்ணாம்பு கட்டுகிறது. ஊசியால் குத்தினால் துவாரம் பெரிதாகி அளவு கெட்டுவிடும். கழற்றி, ஒரு கிண்ணத்தில் சிட்ரிக் ஆசிட் தூள் கரைத்த தண்ணீரிலோ வினிகரிலோ ஒரு ராத்திரி ஊறப்போட்டுக் காலையில் கழுவினால் புதுசு மாதிரி ஆகிவிடும். கூடுதலாகப் பத்து டிரிப்பர் கையில் இருந்தால் ஊறுகிற நேரத்துக்கு மாற்றிப் போட்டுக்கொள்ளலாம்.

பஞ்சகவ்யாவையும் மீன் அமிலத்தையும் டிரிப் லைனில் கலந்துவிடலாமா என்று கேட்காதவர்களே இல்லை. விடாதீர்கள். எத்தனை மடிப்புத் துணியில் வடிகட்டினாலும் உள்ளே கொழகொழவென்று ஒரு படலம் பிடித்து டிரிப்பர்கள் ஒவ்வொன்றாக அடைக்கும், பைப்பில் ஒரு நாற்றமும் தங்கிவிடும். தவிர இதே தொட்டிதான் வீட்டுக்கும். உரத்தைக் கையால் ஊற்றுவது பத்து நிமிட வேலை, அந்தச் சாக்கில் செடியையும் பார்த்த மாதிரி இருக்கும்.

அப்புறம் அணில். வெயில் காலத்தில் அதற்குத் தண்ணீர் கிடைக்காதபோது பைப்புக்குள் தண்ணீர் இருப்பதைக் கண்டுபிடித்துக் கடித்துவிடுகிறது. மண்சட்டியில் தண்ணீர் வைக்க ஆரம்பித்த பிறகு மற்ற இடத்திலெல்லாம் நின்றுவிட்டது. எலுமிச்சை டிரம்முக்குப் போகும் பைப்பை மட்டும் என்ன காரணத்துக்கோ விடமாட்டேன் என்கிறது. வெட்டி ஒட்டி வெட்டி ஒட்டி அந்த ஒன்றரை அடியில் இப்போது ஆறு ஜாயினர் இருக்கிறது, ஏழாவது டப்பாவில் தயாராக இருக்கிறது.